போகும் பெட்டியில் என்ன இருக்கணும்? வரும் பெட்டியில் என்ன இருக்கக் கூடாது?

'மிளகு, காபி, டிராகன் ஃப்ரூட் சாகுபடியைப் பார்ப்பதற்காக எங்கள் பகுதி விவசாயிகள் 14 பேர், மார்ச் மாதம் 9 நாள்கள் வியட்நாம் போகிறோம். பாதிப் பேருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்? நன்றாகக் காய்க்கிற மிளகுக்கொடி கண்ணில் பட்டால், இரண்டு துண்டு வெட்டி ஈரத்துணியில் சுற்றி எடுத்து வரலாமா?'

- வாசகர், தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.

கேள்வியின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கூடாது. இரண்டு துண்டு என்ன, ஒரு கணுகூடக் கூடாது. இதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால், பெட்டியில் முதலில் என்ன வைக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

முதலில் பருவத்தைப் பார்க்கலாம். தாண்டிக்குடி குழு தேர்ந்தெடுத்திருக்கும் மார்ச் மாதம் நல்ல மாதம். பிப்ரவரியில் தொடங்கும் மிளகு அறுவடை அப்போது மும்முரமாக நடக்கும். 'டெட்' எனப்படும் அவர்களுடைய புத்தாண்டு, ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் வந்துவிடும். அந்தச் சமயத்தில் போனால் கடை, தோட்டம், வண்டி எல்லாம் மூடிக் கிடக்கும். மார்ச்சில் அந்தத் தொல்லை இல்லை. டிராகன் ஃப்ரூட்டுக்கு இயல்பான காய்ப்புப் பருவம் மே மாதத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். பருவம் தப்பிக் காய்க்க வைப்பதற்காக இரவில் தோட்டம் முழுக்க பல்பு எரியவிடும் முறையை ஃபான் தியெட் பகுதியில் பார்க்கலாம்.

வியட்நாம் 'வெப்பமண்டல நாடு' என்பதால் ஊர் முழுக்க ஒரே வெயில் என்று நினைத்துப் பெட்டி கட்டுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தெற்கே ஹோ சி மின் நகரம், நம்முடைய தஞ்சாவூருக்குக் கிட்டத்தட்ட நேர் கிழக்கே இருக்கிறது. மார்ச்சில் 35 டிகிரி வெயில் அடிக்கும்; காற்றில் ஈரம் இருப்பதால் உடம்பு கசகசவென்று இருக்கும். மிளகும் காபியும் விளையும் மத்திய மேட்டு நிலத்தில் பகலில் வெயில், அதிகாலையில் இதமான குளிர். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் தா லாத் நகரம் கொடைக்கானல் வாடை அடிக்கும். பயணத்தின் கடைசியில் ஹனோய் பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால், அங்கே மார்ச் மாதத்தில் வெயிலே தெரியாது. நாள் முழுக்கப் பொடித்தூறல், மூடிய வானம், துவைத்துப் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. ஒரே நாட்டுக்குள் 1,000 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போகிறோம் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

ஆகவே நாலு முழுக்கைச் சட்டை, மூன்று லேசான பேன்ட், ஒரு மெல்லிய ஸ்வெட்டர், மடித்தால் கைக்குள் அடங்கும் மழைக்கோட்டு. ஜீன்ஸ் வேண்டாம், கனம், நனைந்தால் காயாது. லுங்கி இரண்டு கட்டாயம். அது விரிப்பும் ஆகும், போர்வையும் ஆகும். வெள்ளை வேட்டியில்தான் தோட்டம் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளட்டும்: பூவன் மா துவோட் பக்கம் இருப்பது எரிமலைப் பாறை கரைந்து உண்டான செம்மண். மார்ச்சில் அது புழுதியாகப் பறக்கும். அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் எளிதில் மசியாது. தோட்டத்துக்கு அடர் நிற பேன்ட்டும் மூக்கை மூட ஒரு துண்டும்தான் சரிப்படும்.

இனி காலுக்கு வரலாம். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஊரில் தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் ஷூவையோ செருப்பையோ வியட்நாமுக்கு எடுத்துப் போகக் கூடாது. அங்கே தோட்டத்துக்குள் போட்டு நடந்ததை இங்கே கொண்டுவரவும் கூடாது. வாழை விவசாயிகள் அஞ்சுகிற பனாமா வாடல் நோயின் புதிய இனமான 'டி.ஆர்-4' பூஞ்சணம் வியட்நாமில் இருக்கிறது. இந்தியாவிலும் பீகார், உத்தரப்பிரதேசத்தில் ஜி-9 வாழைத் தோட்டங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. இந்தப் பூஞ்சணத்தின் வித்துகள் வாழையே இல்லாத மண்ணிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். பயிரில் வந்துவிட்டால் மருந்தடித்துக் குணப்படுத்த வழி கிடையாது. கன்று வழியாகப் பரவுவது ஒருபக்கம் என்றால், ஷூவின் அடியில் ஒட்டிய ஈர மண்ணே போதும், ஊர்விட்டு ஊர் போய்விடும். மிளகு விவசாயிகளுக்கு வாடல் நோயைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை உண்டாக்கும் ஃபைட்டோப்தோராவும் மண்ணிலும் தண்ணீரிலும் பயணம் செய்கிற கிருமிதான். வியட்நாமிலும் அது ஏராளமான கொடிகளைக் காலி செய்திருக்கிறது. அடுத்தடுத்து விலையும் சரிந்ததால், மிளகைப் பிடுங்கிவிட்டு துரியன் பழத்துக்கு மாறிய விவசாயிகளும் அங்கே உண்டு.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. விமானத்துக்கும் ஊர் சுற்றவும் ஒரு ஜோடி, கழற்றி மாட்ட எளிதாக. அங்கேயும் நம்மைப்போல வீட்டுக்குள் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். தோட்டத்துக்கு, ஹோ சி மின் நகரில் இறங்கியதும் மலிவான ரப்பர் பூட்ஸ் 14 ஜோடி வாங்கிக்கொள்வது. ஒவ்வொரு தோட்டத்தைவிட்டு வெளியே வரும்போதும் மண்ணைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். இது அடுத்த தோட்டக்காரருக்குச் செய்கிற மரியாதையும்கூட. கடைசித் தோட்டம் முடிந்ததும் கழுவி, அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வரலாம். பெட்டியில் இதற்காக எடுத்துப்போக வேண்டியது ஒரு பழைய டூத் பிரஷ், கெட்டியான தேய்ப்பு பிரஷ், நாலைந்து தடித்த பிளாஸ்டிக் பை. அவ்வளவுதான்.

பேன்ட்டின் மடிப்பு, சாக்ஸ், குடையின் முனை, கேமரா ஸ்டாண்டின் கால், பையின் அடிப்பகுதி இவற்றையும் திரும்புவதற்கு முந்தின இரவு பார்த்துவிட வேண்டும். ஒட்டுப்புல் எப்படிப் பரவுகிறது என்று விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த ஈரத்துணி விஷயம். 2008-ம் ஆண்டு கோயம்புத்தூர் பகுதியில் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று ஏறியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ. அது மத்திய அமெரிக்கப் பக்கத்துச் சரக்கு. 2020-ல் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி. அங்கிருந்து சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளுக்குள் நுழைந்தது. அதற்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி வரவழைக்க வேண்டியதாயிற்று. இவை எதுவும் இந்த மண்ணில் பிறந்தவை இல்லை. நாடு விட்டு நாடு வந்த பூச்சிகள், அவற்றைத் தின்னும் எதிரிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்ததால்தான் இந்த ஆட்டம் போட்டன.

மிளகுக்கொடித் துண்டில் பூச்சி இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். வைரஸ் இருப்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பச்சைப்பசேலென்று நிற்கும் கொடிக்குள்ளும் மஞ்சள் தேமல் வைரஸ் இருக்கலாம். கொடித்துண்டு நட்டு உண்டாக்கும் பயிர் என்பதால், தாய்க்கொடியில் இருப்பது அப்படியே பிள்ளைக்கும் வரும். கீழ்ப்பழனி மலைக்காரர்களுக்கு முடிக்கொத்து வைரஸ் விருப்பாச்சி வாழையை என்ன பாடுபடுத்தியது என்பது நன்றாகவே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, வெளிநாட்டிலிருந்து விதை, கன்று, கொடி, கிழங்கு எதைக் கொண்டுவரவும் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். புறப்படும் நாட்டு அரசின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். நடவுப் பொருளாக இருந்தால், வந்த பிறகும் தனியிடத்தில் வளர்த்துக் கண்காணிப்பார்கள். மண் கொண்டுவர அறவே தடை. கடையில் அழகான பாக்கெட்டில் விற்கும் காய்கறி விதைக்கும் இதே சட்டம்தான். சீல் வைத்த பாக்கெட் என்பதால் விலக்கு கிடையாது. 'தெரியாமல் வாங்கிவிட்டேன்' என்பவர்கள் விமான நிலையத்தில் சிவப்பு வழியாகப் போய், சுங்க அதிகாரியிடம் தாங்களாகவே காட்டி ஒப்படைத்துவிடுவது நல்லது. பெட்டியின் அடியில் ஒளித்து மாட்டுவதுதான் வம்பு. முறைப்படி இறக்குமதி செய்ய விரும்பினால், சென்னை மீனம்பாக்கத்தில் இருக்கும் மண்டலத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் பயணத்துக்கு முன்பே விசாரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் யோசிக்கலாம். மிளகின் தாய்வீடே மேற்குத் தொடர்ச்சி மலைதான். 1971-ல் வெளியான பன்னியூர்-1 தொடங்கி, வாடல் நோயை ஓரளவு தாங்கும் ஐ.ஐ.எஸ்.ஆர் சக்தி, தேவம் வரை நல்ல ரகங்கள் கோழிக்கோடு இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்திலும் கேரள வேளாண் பல்கலைக்கழகத்திலும் உருவாகியிருக்கின்றன. வியட்நாம்காரர்களிடம் பார்த்துக் கற்க வேண்டியது கொடியை வளர்க்கும் விதம். கொடி ஏற்றும் தூணின் உயரம், இடைவெளி, ஒரு தூணுக்கு எத்தனை கொடி, வடிகால், எரு வைக்கும் முறை, காய வைக்கும் களம். இதற்கெல்லாம் அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆகவே பெட்டியில் ஒரு அளவு நாடா, அட்டை போட்ட சின்ன நோட்டு, இரண்டு பால்பாயின்ட் பேனா, ஒரு கை லென்ஸ். போட்டோ எடுக்கும்போது அளவு நாடாவைத் தூணின் மேல் பிடித்துக்கொண்டு எடுத்தால், ஊருக்கு வந்து பார்க்கும்போது குழப்பம் வராது. திரும்பியதும் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் அந்தப் படங்களைக் காட்டிப் பேசினால், இங்கே எது ஒத்துவரும் என்று தெரிந்துவிடும்.

மற்ற சாமான்கள் சுருக்கமாக. பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வியட்நாமுக்கு இ-விசா இருக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர். நம்மவர்களுக்குச் சிக்கலே இனிஷியலில்தான். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி விரித்து எழுதப்பட்டிருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே விசாவிலும் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். விசாவை அச்செடுத்து இரண்டு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்; சரக்குப் பெட்டியில் வைத்தால் திறந்து எடுத்துவிடுவார்கள். கவாத்துக் கத்தரி, பேனாக்கத்தி அதற்கு நேர்மாறு, சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். மெல்லிய இரண்டு முள் போன் சார்ஜர் அங்கே பொருந்தும், மூன்று முள் பிளக் பொருந்தாது. ஆகவே குழுவுக்கு இரண்டு அடாப்டராவது வேண்டும். செல்போனில் வியட்நாமிய மொழிபெயர்ப்பை இங்கேயே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத தோட்டத்திலும் உதவும்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் வரும். அங்கே 20,000 டாங் தாளும் நீல நிறம், 5,00,000 டாங் தாளும் நீலச் சாயல். முன்னது நம் கணக்கில் சுமார் 65 ரூபாய், பின்னது 1,650 ரூபாய்க்கு மேல். இளநீர் குடித்துவிட்டு அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால், அன்றைய தினம் விடியாது. இரண்டையும் பர்ஸில் தனித்தனிப் பகுதியில் வைத்துக்கொள்வதே நல்லது.

'என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்சுலின் போடுகிறார். சுத்த சைவம். விவசாயிகள் குழுவோடு அவரை வியட்நாமுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் என்ன கட்டிக் கொடுக்க வேண்டும்?'

- வாசகி, கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.

தாராளமாக அனுப்பலாம். இன்சுலின் மட்டும் எக்காரணம் கொண்டும் சரக்குப் பெட்டிக்குள் போகக் கூடாது. விமானத்தின் அடியில் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். பெட்டி தொலைந்தாலும் ஆபத்து. குளிர்பையில் வைத்துக் கைப்பையில் கொண்டுபோக வேண்டும். ஊசி இருப்பதால் டாக்டர் எழுதிய ஆங்கிலக் கடிதமும் மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல், அட்டையோடு வைக்க வேண்டும். அளவு, தேவைக்கு இரண்டு மடங்கு, அதில் பாதியை உடன் போகும் நண்பரின் கைப்பையில் கொடுத்து வைப்பது புத்திசாலித்தனம். அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். ஊசி போடும் நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். மேட்டு நில மாவட்டங்களுக்குப் போவதாகச் சொன்னால், மலேரியா மருந்து தேவையா என்பதையும் அவரே சொல்வார். தெற்கே டெங்கு எப்போதும் உண்டு. அந்தக் கொசு பகலில் கடிப்பது. முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டும் களிம்பும் அதற்காகத்தான். ஓ.ஆர்.எஸ் பொடி பத்து பாக்கெட் போட்டுவிடலாம்.

வெறும் வயிறாக வெகுநேரம் விடக்கூடாத உடம்பு என்பதால், சாப்பாட்டுக்கு முன்னேற்பாடு அவசியம். சாதம் எங்கும் கிடைக்கும். ஆனால், காய்கறிப் பொரியலில்கூட மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள். 'மாமிசம் இல்லை' என்று அவர்கள் சொல்வது பொய்யும் ஆகாது. 'ச்சாய்' என்று ஒரு சொல் இருக்கிறது. நம்முடைய டீ இல்லை. பௌத்தர்களின் சைவ உணவைக் குறிப்பது. அந்தச் சொல்லை அவர்கள் மொழியில் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அங்கேயும் பலர் சைவம் சாப்பிடுவதால், சைவக்கடை தேடுவது சுலபம். தயிர் கேட்டால் பெரும்பாலும் சர்க்கரை போட்டதுதான் வரும். சர்க்கரை நோயாளி அதைத் தொடக் கூடாது.

கட்டிக் கொடுக்க ஏற்றவை பருப்புப் பொடி, வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, புளிக்காய்ச்சல். ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் சரக்குப் பெட்டியில், இரட்டைப் பை போட்டு. கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிபோகும். கொப்பரைத் தேங்காய் வேண்டாம். எண்ணெய் மிகுந்து சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள் என்பதால், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். எலுமிச்சை, பச்சை மிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை என்று அன்போடு எதையாவது சொருகிவிடுவது நம் வழக்கம். பச்சையான எதுவும் வேண்டாம். அது எந்த நாட்டு விமான நிலையத்திலும் தொல்லைதான்.

'மெகாங் டெல்டாவில் ஒரு நெல் விவசாயி வீட்டில் இரண்டு நாள் தங்கப் போகிறேன். பரிசாக மாப்பிள்ளைச் சம்பா விதைநெல் கால் கிலோ கொண்டுபோய்க் கொடுக்க ஆசை. கொடுக்கலாமா?'

- வாசகர், திருத்துறைப்பூண்டி, திருவாரூர் மாவட்டம்.

ஆசை நியாயமானது. விவசாயிக்கு விவசாயி விதை கொடுப்பதைவிடப் பெரிய மரியாதை இல்லை. ஆனாலும் கூடாது. நம் நாட்டின் மரபு ரகங்களை வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில் 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதற்கான தேசிய ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. வியட்நாமுக்குள் விதை நுழைவதற்கும் அவர்களுடைய சட்டப்படி அனுமதி வேண்டும்.

சட்டத்தை விட்டுவிட்டே பார்த்தாலும், பூச்சியும் நோயும் வெளியே இருந்து நம்மிடம் வருவது மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. தென்னைக்குப் பேர்போன பென் ட்ரே பகுதியும் இதே மெகாங் டெல்டாவில்தான் இருக்கிறது. அங்கே 1999-ம் ஆண்டு வாக்கில் ஒரு வண்டு வெளியே இருந்து வந்து குருத்தோலைகளைச் சூறையாடியது. அதை ஒட்டுண்ணி விட்டு அடக்கி, மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். 2020-ல் அடுத்தது வந்தது. நம் தென்னை விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான கருந்தலைப் புழு! இந்தியாவும் இலங்கையும் அதன் பூர்வீகம். நமக்கு அது பழைய எதிரி, ஒட்டுண்ணி வளர்த்து விடும் கூடங்களே இங்கே உண்டு. அவர்களுக்கு அது பார்த்திராத பேய். ஓலையெல்லாம் காய்ந்து, மரங்களையே வெட்டிப்போடும்படி ஆனது. தங்கப்போகும் வீட்டில் தென்னை இருந்தால், இதைப் பற்றிப் பேச்செடுத்துப் பார்க்கலாம். பூச்சி விஷயத்தில் டெல்டாக்காரர் சொல்லும் அனுபவம், கால் கிலோ நெல்லைவிட அவர்களுக்குப் பயன்படும்.

வயல் சேற்றில் இறங்குவதாக இருந்தால் வெறுங்கால் வேண்டாம். எலிக்காய்ச்சல் அங்கேயும் உண்டு. காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் பூட்ஸ் கட்டாயம்; தாண்டிக்குடி வாசகருக்குச் சொன்ன அதே ரப்பர் பூட்ஸ்தான்.

பரிசுக்குத் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை எடுத்துப் போகலாம். உடையாமல் இருக்க நாலு கைத்தறித் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தால், துண்டுகளையும் வீட்டில் உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடலாம். நம் வயலில் மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரத்துக்கு நிற்கிற படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோனால், மொழி தெரியாமலே இரண்டு மணி நேரம் பேச அது போதும். திரும்பும்போது அங்கிருந்து வாங்கி வர, வறுத்து அரைத்த காபித் தூளும் பென் ட்ரே தேங்காய் மிட்டாயும் இருக்கின்றன.